ஏரியில் பறந்த ஊதாப் புடவை

மணல்மேட்டுக் குப்பத்தின் தலைவர் ஆதிநாராயணன் பஞ்சாயத்துக்கு வருகிற அழகே தனி. விடியலில் ஏரிக்குப் போகும்போது கட்டுகிற சாயம் போன கைலிக்கும் அவருக்கும் அந்த நேரத்தில் சம்பந்தமே இருக்காது. நீலம் போட்டு அலசிய வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, தோளில் துண்டு என்று வெள்ளையும் சொள்ளையுமாக வந்து வேப்பமரத்தடி நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்துவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பொய் என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்? பச்சைப் பொய் என்பார். எவனாவது மாட்டினால் கையும் களவுமாக மாட்டினான் என்பார், அவன் சாயம் வெளுத்துவிட்டது என்பார், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு குட்டு உடைந்துவிட்டது என்பார். ஒரு குற்றத்துக்கு எதற்கு இத்தனை வார்த்தை என்று கேட்கத் தோன்றும். அதைக் கேட்கிற தைரியம் குப்பத்தில் அவர் மனைவி தேவகிக்கு மட்டும்தான் உண்டு, அவளும் வீட்டுக்குள் வைத்துத்தான் கேட்பாள்.

அந்தக் குப்பத்தில் நண்டுவலை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வலையை ஏரியில் இறக்கிவிட்டு வந்து விடியலில் போய்த் தூக்குவார்கள். வலை தண்ணீருக்குள் கிடக்கும். யார் வலை என்று சொல்வது மேலே மிதக்கிற கழியும் அதில் கட்டிய கொடியும்தான். கொடிக்குக் கடையில் துணி வாங்க மாட்டார்கள். வீட்டுக்காரி கட்டிக் கழித்த புடவையில்தான் கிழிக்க வேண்டும், அதுதான் ராசி. ஆகவே ஏரியில் ஒரு சுற்று போய்வந்தால் எந்த வீட்டில் எந்தப் புடவை கழிந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். பெண்டாட்டியோடு சண்டை போட்டவன் கொடி மட்டும் கைலித்துணியில் பறக்கும். அதைப் பார்த்து ஏரியே சிரிக்கும். புதுமாப்பிள்ளை பாடு இன்னும் கஷ்டம். அவன் வீட்டில் இருக்கிற புடவை எல்லாமே புதுப் புடவை, எதைக் கிழிப்பான்?

அடுத்தவன் வலையைத் தொட்டவனுக்கு அந்தப் பருவம் முழுக்க ஏரி கிடையாது. இது பழைய தீர்ப்பு. போன வாரம் அந்தத் தீர்ப்பு சுரேஷ் தலையில் விழுந்தது. பனிமூட்டத்தில் அவன் வினோத்தின் வலையைத் தூக்கிவிட்டான். இரண்டு வீட்டுக் கொடியும் பொங்கலுக்கு ரேஷன் கடையில் வாங்கிய புடவைகள், ஒரே சிவப்பு, ஒரே கரை.

"தெரியாம நடந்துபோச்சு தலைவரே. கொடி ஒண்ணா இருந்துச்சு. எங்க வூட்டுப் புடவைனு நெனச்சிகினு தூக்கிட்டேன்" என்று சுரேஷ் கைகட்டி நின்று சொன்னான்.

"கொடி ஒண்ணா இருந்தா கண்ணு இன்னாடா ஆச்சு? தன் வலை எதுனு தெரியாதவன் தொழிலுக்கு எதுக்குடா வர்ற? பச்சைப் பொய் சொல்ற. கையும் களவுமா மாட்டிகினு இப்ப நீலிக்கண்ணீர் வுடற. உன் சாயம் வெளுத்துபோச்சுடா, போ" என்றார் ஆதிநாராயணன்.

வார்த்தைகள் அன்றைக்கு அவருக்கு வரிசைகட்டி வந்தன. கூட்டத்தில் சிலர் ரசித்துச் சிரிக்கவும் செய்தார்கள். சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாளிலிருந்து துறையில் கூலிக்கு ஐஸ்பெட்டி தூக்கினான். டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. தலைவர் எதிரே வந்தால் அவன் ஒதுங்கிப் போனான். அவரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை என்றுதான் காட்டிக்கொண்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தேவகியின் தம்பி சீனிவாசனும் ஆதிநாராயணனும் ஒரே படகில் தொழில் செய்கிறவர்கள். ஒரு நாள் காலையில் சீனிவாசன், "மாமா, இன்னைக்கு வடக்கால புது வலை எறக்கறேன். கொடிக்கு அக்காகிட்ட துணி வாங்கிக்கறேன்" என்று சொல்லியிருந்தான். சாயங்காலம் ஆளைக் காணோம். இஞ்சின் சாமான் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். வலையை இறக்கிவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பான் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் இஞ்சின் ஓடாத படகைத் தனியாகக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்.

சந்தனக் கலர் கொடி கட்டிய பழைய வலையைத் தூக்கினார். பேருக்கு நாலு நண்டு கிடந்தது. அப்படியே வடக்கே தள்ளினார். பனி விலகிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கொடி தெரிந்தது. கிட்டே போகப் போகக் கலர் தெளிந்தது.

ஊதா. மஞ்சள் கரை.

அந்தப் புடவையை ஏரியில் எத்தனை கொடிக்கு நடுவில் வைத்தாலும் அவர் கண்டுபிடிப்பார். ஒரு தீபாவளிக்குப் பொன்னேரிக்குப் போய், கடைக்காரன் பிரித்துப்போட்ட அத்தனை புடவைக்கு முன்னால் உட்கார்ந்து, அவரே விரல் நீட்டி எடுத்தது அது. ஆயுசில் அவர் பார்த்து எடுத்த ஒரே புடவை. அன்றைக்குத் தேவகி அதைப் பிரித்துப் பார்த்து, "இன்னாயா, கத்திரிக்கா கலர்ல எடுத்துகினு வந்துகீற" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நல்லநாள் பெரியநாள் என்றால் அதைத்தான் கட்டுவாள். அவள் அதைக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்கும்போது, தனக்கும் புடவை எடுக்கத் தெரியும் என்று அவர் நெஞ்சு விடைக்கும்.

அதைக் கிழித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளா? கட்டிக் கழித்தாயிற்றா அந்தப் புடவையை?

முகம் கறுத்துப்போயிற்று மனுஷனுக்கு. வலையை வெடுக் வெடுக்கென்று இழுத்தார். மிதவை கட்டியிருந்த முடிச்சு சீனிவாசன் போடுகிற முடிச்சு இல்லை. நிதானமாகப் பார்த்திருந்தால் கையே சொல்லியிருக்கும். ஆனால் கோபக்காரன் எங்கே முடிச்சைப் பார்க்கிறான்? வலை நிறைய நண்டு இருந்தது, ஒவ்வொன்றும் கை அகலம். அதைப் பார்த்துக் கோபம் கொஞ்சம் இறங்கியது. தேவகியை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று கொடிக்கழியைப் படகுக்குள் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பினார்.

துறையில் அன்றைய சந்தடி தொடங்கியிருந்தது. நண்டு விலைக்கு எடுக்கிற ராஜாத்தி தராசோடு உட்கார்ந்திருந்தாள். ஊர் வம்பு அத்தனையும் அவள் தராசில் ஏறி இறங்காமல் போகாது. சுரேஷ் தலையில் ஐஸ்பெட்டியோடு நடந்துகொண்டிருந்தான். தலைவர் படகைக் கரையில் ஏற்றின கையோடு, பின்னால் இன்னொரு படகு வந்து மோதுகிற வேகத்தில் நின்றது. தினகரன் குதித்தான். காட்டூரில் பெண் எடுத்துக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. நேற்றுத்தான் முதல் தடவையாகச் சொந்த வலை இறக்கியிருந்தான்.

"என் வலையக் காணோம்! எவனோ அமுக்கிட்டான்!" என்று கத்தினான். குரல் உடைந்தது. "பவித்ரா கை நோவ நோவ மிதவை கட்டினா மாமா. மொதோ நாளே ஆட்டைய போட்டுட்டானுங்க."

கைலியும் பனியனுமாக நின்ற ஆதிநாராயணனுக்குள் தலைவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"எவன்டா அவன்? ஒருத்தனுக்குத் தீர்ப்பு சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள இன்னொருத்தனா? எந்த கருப்பு ஆடா இருந்தாலும் இன்னைக்கு அவன் தோலை உரிச்சிடறேன். நீ சொல்லு, உன் கொடி இன்னா கலரு?"

"ஊதா மாமா. மஞ்சள் கரை."

ராஜாத்தி மெதுவாக எழுந்து வந்து, தலைவர் படகுக்குள் எட்டிப் பார்த்து, கழியை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். ஏரிக்காற்றில் ஊதாக் கொடி படபடவென்று பறந்தது.

கையும் களவுமாக என்று அவர் எத்தனை பேரைச் சொல்லியிருப்பார்! அப்படி நிற்கிறவனுக்கு உள்ளங்கை வேர்க்கும், காது அடைத்துக்கொள்ளும், எந்தப் பக்கம் பார்த்தாலும் திருட்டு முழியாகத்தான் தெரியும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இது என் வலைடா! சீனிவாசன் எறக்கினது. என் பொண்டாட்டி புடவை இது!" என்றார்.

"என் பொண்டாட்டி புடவை மாமா இது!" என்றான் தினகரன்.

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டாள். ஒரே புடவைக்கு இரண்டு புருஷன்மார் சண்டை போடுவதை அந்தத் துறை அதுவரை பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தினகரன் மனைவி பவித்ரா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கொடியைப் பார்த்தாள், அடுத்து தலைவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"அது... அத்தையோட புடவை" என்றாள்.

"இன்னாது? உன்னுது இல்லையா?" என்று தினகரன் விழித்தான்.

"எங்க அக்கா கல்யாணத்துக்குக் கட்டிக்கத் தேவகி அத்தை குடுத்தாங்க. வரும்போது பஸ் கதவுல மாட்டி முந்தானை கிழிஞ்சிபோச்சு. எப்பிடிச் சொல்றதுனு பயந்துகினு பொட்டிக்கு அடியில வெச்சிருந்தேன். இவரு..."

"கிழிஞ்ச புடவையாச்சேனு நான்தான் எடுத்துக் கொடிக்குக் கிழிச்சிட்டேன்" என்று தினகரன் தலையில் கைவைத்தான். "கல்யாணத்துல நீ கட்டினத பாத்தேன். உன்னுதுனுதான் நெனச்சேன்."

ராஜாத்தி இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினால் எதிரே இருக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

"நல்லா ஜோடிக்கறாம்மா. நல்ல புடவைய யாராவது நேத்து வந்தவளுக்குக் குடுப்பாங்களா? தலைவர் வூட்டுலயே கைவரிசைய காட்டிகீறா. அந்தப் புடவையால தலைவர் பேரு இல்ல கெட்டுபோச்சு!"

"அதானே" என்றது ஒரு குரல். "திருட்டுப் புடவை" என்றது இன்னொன்று. பவித்ராவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தினகரன் அவளை மறைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆதிநாராயணனுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. வெளியூர்ப் பெண். கேட்க நாதியில்லை. இந்தப் பெண் புடவையைத் திருடினாள், அதனால்தான் எனக்குக் கண் தப்பியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். பச்சைப் பொய் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. எத்தனையோ வருஷமாகப் பழகிய வார்த்தை, கூப்பிடாமலே வந்துவிட்டது.

வாயைத் திறந்தார். அப்போதுதான் சுரேஷைப் பார்த்தார்.

தலையில் ஐஸ்பெட்டி சொட்டச் சொட்ட அவன் அசையாமல் நின்றிருந்தான். தலைவர் மாட்டிக்கொண்டாரே என்று அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் அவரைப் பார்க்கவே இல்லை. அழுகிற பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து அவள்மேல் என்ன விழும் என்று தெரிந்தவன் பார்க்கிற பார்வை அது.

ஆதிநாராயணனுக்கு வெட்கமாக இருந்தது. வலையைத் தூக்கியதற்குக்கூட அவ்வளவு வெட்கம் வரவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசம்" என்றார்.

ராஜாத்தி விடவில்லை. "தலைவருக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. யாரும் வந்து சாட்சி சொல்லல. ஆனா நான் நம்பறேன்."

அந்த நேரத்துக்குத் தேவகி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வழியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். வந்தவள் நேரே பவித்ராவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எவடி அவ திருட்டுப் புடவைனு சொன்னவ? நான்தான் குடுத்தேன், என் கையால குடுத்தேன். கிழிஞ்சா கிழிஞ்சிட்டு போவுது, துணிதானே? அழாதம்மா." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாயா, சீனிவாசன் எறக்கினான்னு எவன் சொன்னான் உனக்கு? இஞ்சின் புட்டுகிச்சுனு அவன் மத்தியானமே பஸ் ஏறிட்டான். வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா இன்னா?"

"அந்தப் புடவையப் போய் எதுக்குடி குடுத்த?" என்றார் அவர். இத்தனை பேர் நடுவில் கேட்கிற கேள்வி இல்லை. ஆனால் விடியலிலிருந்து நெஞ்சில் கிடந்தது, வந்துவிட்டது.

"நம்ம ஊருக்கு வாழ வந்த பொண்ணு, அவங்க ஜனத்துக்கு முன்னாடி நல்ல புடவையா கட்டிகினு போய் நிக்கணும்னு நெனச்சேன். என்கிட்ட இருக்கறதுல அதான்யா நல்ல புடவை" என்றாள் தேவகி.

தலைவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கத்திரிக்காய் கலர் என்று சிரித்தவள் வாயிலிருந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்த வார்த்தை! சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சரி வுடுங்க தலைவரே" என்றான் வினோத். "தெரியாம நடந்துபோச்சு. கொடியப் பாத்து ஏமாந்துட்டீங்க. வலைய தினகரன்கிட்ட குடுத்துட்டா முடிஞ்சுது."

"ஆமாமா, தெரியாமதானே நடந்துச்சு" என்று நாலு பேர் தலையாட்டினார்கள். ராஜாத்திகூட ஆட்டினாள். எல்லாருக்கும் அவரவர் வேலை இருந்தது, நண்டு வேறு வெயிலில் கிடந்தது.

ஆனால் ஆதிநாராயணன் நகரவில்லை. தெரியாம நடந்துபோச்சு. இதே வார்த்தையைத்தான் சுரேஷும் சொன்னான். கைகட்டி நின்று சொன்னான். இவர் சொல்லக்கூட இல்லை. இவருக்காக ஊரே முந்திக்கொண்டு சொல்கிறது.

"யாரும் போவாதீங்க. பஞ்சாயத்து இன்னும் முடியல" என்றார்.

"இங்கயா?" என்றாள் தேவகி. "இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலம் போதும்." சேறு அப்பிய காலோடு, நண்டுத்தண்ணீர் சொட்டுகிற பனியனோடு நின்றபடியே பேசினார். எப்போதும் வரிசைகட்டி வருகிற வார்த்தைகள் அன்றைக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "போன வாரம் சுரேஷ் தெரியாம தூக்கிட்டேன்னு சொன்னான். நான் நம்பல. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கொடியப் பாத்து ஏமாறுவானா ஒருத்தன்னு கேட்டேன். ஏமாறுவான். நானே ஏமாந்து நிக்கறேன். அந்தத் தீர்ப்பு தப்பு. நாளைலருந்து சுரேஷ் ஏரியில எறங்கலாம்."

சுரேஷ் ஐஸ்பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான்.

"இந்தப் பருவம் முழுக்க நான் எறங்க மாட்டேன்" என்றார் தலைவர். "வலையத் தொட்டதுக்கு இல்ல. அது தெரியாம நடந்தது. ஒருத்தன் நெசத்தச் சொல்லும்போது நம்பாம, நாலு பேரு சிரிக்கணும்னு அவனை அசிங்கப்படுத்தினேன் பாரு, அது தெரிஞ்சே செஞ்சது. அதுக்கு."

"இன்னா தலைவரே இது" என்று வினோத் முன்னால் வந்தான். "உங்க வலைய யாரு தூக்கறது? சீனிவாசன் ஒத்த ஆளு இன்னா பண்ணுவான்?"

ஆதிநாராயணன் சுரேஷின் முன்னால் போய் நின்றார். பஞ்சாயத்து முடிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை.

"நாளைக்கு விடியலில என் வலைய நீ போய்த் தூக்கு. இந்தப் பருவம் முச்சூடும் நீதான் தூக்கணும்."

வலைத்திருடன் என்று ஊர் பேர் வைத்தவன் கையில், ஊர்த்தலைவர் தன் வலையைக் கொடுக்கிறார். துறையில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்தது. தேவகிக்குப் புரிந்து கண் கலங்கியது. தன் புருஷனை அவள் அப்படிப் பார்த்து நாளாயிற்று.

சுரேஷ் அழுதுவிடுவான் போலிருந்தது. குனிந்து ஐஸ்பெட்டியின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடினான். பிறகு நிமிர்ந்தான்.

"கொடி இன்னா கலருனு ஒரு தபா சொல்லிடுங்க தலைவரே" என்றான். "தப்பா தூக்கிடப் போறேன்."

முதலில் சிரித்தவள் பவித்ரா. கன்னத்தில் ஈரம் காயாமலே சிரித்தாள். அப்புறம் தினகரன், வினோத், ராஜாத்தி என்று துறை முழுக்கச் சிரித்தது. ஆதிநாராயணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. இருமல் அடங்கியதும் சுரேஷின் தோளில் கைபோட்டு, "சந்தனக் கலருடா" என்றார்.